மூச்சுக்குள் திறக்கிற பக்கம்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது இதை அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். படித்த கையோடு எனக்கு ஃபோன் செய்து, "ஒரு பக்கத்தில முடியவேண்டியத எதுக்கு மக்கா இப்பிடி நீட்டி வச்சிருக்க?" என்றுதான் தொடங்குவாள். வருகிறவனைக் காக்கவைப்பதைவிடப் பெரிய குற்றம் அவளுடைய சட்டத்தில் கிடையாது. கொலைகூட அதற்கு அடுத்தபடிதான் என்று நினைக்கிறேன்.

கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்துகொடுக்கிற கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளியையும் சேர்த்து நான்கு பேர். முதலாளி வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் உயரத்துக்கு ஒரு திரையும், தட்டினால் தெறிக்கிற இணைய இணைப்பும் வாங்கிப் போட்டிருந்தார். வாடிக்கையாளர் வந்தால் அந்தத் திரையின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அதில் எந்தத் தளமும் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அந்தத் திரை மேல் பெரிய காதல்.

அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. நானும் அவளும் ஒரே வயது, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்தை நான் அலங்கரிப்பேன், அவள் கட்டுவாள். நான் ஏற்றியதில் பாதியை அவள் இறக்கிவைப்பாள். ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு, "நீ எதுக்குடே வந்த?" என்று அந்தப் படத்திடமே கேட்பாள். படம் பதில் சொல்லாது. அவ்வளவுதான், அழித்துவிடுவாள். அதை வரைந்தவன் பக்கத்து நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு வந்ததே இல்லை.

அவளிடம் ஒரு பழைய ஃபோன் இருந்தது. ரிப்பேர் கடையில் யாரோ கைகழுவிவிட்டுப் போனது. கண்ணாடியில் கோணலாக ஒரு விரிசல். உள்ளே இடமே இல்லாமல் யாருடையவோ ஞானஸ்நானப் படங்கள் அடைத்துக்கிடந்தன. அவற்றை அழிக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் கண்டிப்பான உத்தரவு. "ஆளுக ஃபோன் இப்பிடித்தான் இருக்கும்" என்பாள். எந்தத் தளமும் வெளியே போவதற்கு முன்னால் அவளும் அந்த ஃபோனும் பக்கத்துக் கிராமமான கொல்லயிலுக்கு பஸ் ஏறுவார்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

கொல்லயிலில் தென்னந்தோப்பைத் தாண்டி வயலுக்கு இறங்குகிற வழியில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே நின்றால் ஃபோனுக்குத் தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கொஞ்ச நேரம் கேரளத்து டவரைப் பிடிக்கும், பிறகு தமிழ்நாட்டு டவருக்குத் தாவும். நாம் நின்ற இடத்தில் நிற்போம், அது மட்டும் எல்லை கடந்து போய்விட்டு வரும். அந்தப் போக்குவரத்தில் பாதி இறங்கிய பக்கம் அறுந்து, முதலிலிருந்து இறங்கத் தொடங்கும். எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு இதுதான் நிலைமை.

அந்தப் பள்ளத்தில் நின்று பக்கத்தைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இதுதான் அவளுடைய சோதனை. மூச்சை விடுவதற்குள் பக்கம் திறந்து, தொடவேண்டிய பொத்தான் கண்ணில் பட வேண்டும். மூச்சு முட்டி விட்டுவிட்டாள் என்றால் வேலை தோற்றது, திரும்பிப் போய்ப் பிரித்துக் கட்ட வேண்டும். கன்னம் உப்பி, கண் பிதுங்கி அவள் நிற்பதைப் பார்த்து, புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மா ஒருமுறை நின்றுவிட்டார். "விக்கலா மோளே? கொஞ்சம் வெள்ளம் குடிச்சாத் தீரும்லா" என்றார். அவள் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாவுக்கு மனசு கேட்காமல் பக்கத்து வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வாடிக்கையாளர்களிடமும் அவளுக்கு இதே வாய்தான். நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். ஓணத் தள்ளுபடிக்கு, பக்கத்தைத் திறந்ததும் மேலிருந்து பூ கொட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் அன்றைக்கே பூவெல்லாம் வரைந்து, கொட்டியும் காட்டிவிட்டேன். மனிதர் மயங்கிப்போனார். இவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"பூவ கடைக்க வாசல்ல போடுங்கோ சார். வாறவனுக்க கண்ணில எதுக்குப் போடுதிய? அவன் சேல பாக்க வந்தவனாக்கும்."

அண்ணன் இருமினார். துணிக்கடைக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, பூ வேண்டாம், சேலைகள் மட்டும் போதும் என்றார். அவர் மனைவியின் ஃபோனில் பூ கொட்டி முடிவதற்குள் அந்த அம்மா அடுத்த கடையின் பக்கத்துக்குப் போய்விட்டாராம். இதைக் கேட்டு அவள் சிரிக்கக்கூட இல்லை. இது தெரிந்ததுதானே என்பதுபோல் வேலையைப் பார்த்தாள். அந்த அலட்சியம்தான் எனக்கு எரிச்சல்.

அவள் தப்பே செய்யாதவள் இல்லை. ஒரு பேக்கரியின் தளத்தில் கேக் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் பட்டியலாகப் போட்டாள். மூச்சு என்ன, கண் இமைப்பதற்குள் திறந்தது. ஆனால் ஒருவரும் கேக் கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு கேக் வாங்குகிறவன் அதைக் கண்ணால் பார்க்காமல் எப்படி வாங்குவான்? நான் அதைச் சொன்னபோது என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு சின்னப் படம் வந்திருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். "தானா வந்திருக்கும்" என்றாள். நாற்பது படமும் சேர்ந்து முன்பிருந்த படங்களில் ஒன்றின் எடைதான் இருந்தது.

தங்கையின் கல்யாணத்துக்கு அழைப்பைக்கூட அவள் இப்படித்தான் செய்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்போதெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் ஓடுகிற வீடியோதான் அழைப்பு. இவள் அனுப்பியது ஒரு வெள்ளைப் பக்கம். பெயர்கள், சபை, மண்டபம், நேரம், வழி. காஞ்சிரங்குளத்து அத்தை வீட்டுக்கே வந்து சண்டை போட்டாராம்.

"எங்க பிள்ளைக்க மூஞ்சிய காட்டப்பிடாதோ? அவளுக்கு என்னடி கொறவு?"

"ஒரு கொறவும் இல்ல அத்த. மூஞ்சிய மண்டபத்தில வந்து பாருங்கோ. அதுக்குத்தானே விளிச்சிருக்கு."

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அத்தை கடைசிப் பந்திவரை முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தார்.

இனி ஆசுபத்திரிக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற ஆசுபத்திரி. புதன்கிழமை மட்டும் நரம்பு டாக்டர் ஒருவர் வருவார். முப்பது பேரைத்தான் பார்ப்பார். அந்த முப்பது டோக்கனுக்கு ஆட்கள் விடியுமுன்னே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக டோக்கனை இணையத்துக்கு மாற்றுவது என்று டிரஸ்டின் சேர்மன் முடிவுசெய்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆசுபத்திரி நிற்கிற நிலமே அவர் கொடுத்ததுதான். வேலை எங்களிடம் வந்தது.

அவள் கட்டிய பக்கத்தில் இரண்டே விஷயங்கள் இருந்தன. டோக்கன் எடுக்கிற பொத்தான், ஆசுபத்திரியின் ஃபோன் எண். சேர்மன் வந்து எங்கள் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார்.

"இதென்ன மக்கா, வீட்டு வரி கெட்டின ரசீது மாதிரி இருக்கு?" என்றார்.

அவருக்கு வேண்டியது வேறு. திறந்தவுடன் அவர் கைகூப்பி வரவேற்றுப் பேசுகிற வீடியோ. ஆசுபத்திரியின் வாசல் வளைவில் இருக்கிற அதே அலங்கார எழுத்து, மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. புதுக் கட்டடத்தின் படங்கள். அதற்கெல்லாம் கீழே டோக்கன். அவள் முடியாது என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செய்துகொடுத்தேன். உள்ளதைச் சொன்னால், ஆசையாகத்தான் செய்தேன். பெரிய திரையில் சேர்மன் சூரியோதயம் மாதிரி வந்தார். ஆசுபத்திரி ஜன்னலில் டோக்கன் கொடுப்பதை நிறுத்தினார்கள். இனி எல்லாம் இணையத்தில், புதன் காலை ஆறு மணிக்குத் திறக்கும் என்று பலகை வைத்தார்கள்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வருகிற சுசீலா அக்கா கொல்லயில்காரர். வீடு அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேதான். அவருடைய மகளுக்குப் பதினொரு வயது, வலிப்பு வரும். மாதம் ஒரு தடவை நரம்பு டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினால்தான் மருந்துக் கடையில் அந்த மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை விட்டால் பிள்ளை விழுந்துவிடுவாள். இரண்டு புதன்கிழமை அவருக்கு டோக்கன் கிடைக்கவில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை. பெருக்கிக்கொண்டே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்ததை இவள்தான் கேட்டாள்.

"என்னக்கா சொல்லுதிய?"

"ஒண்ணுமில்ல மக்கா. எனக்கு இந்த போணு நோண்டத் தெரியாதாக்கும். ரெண்டு வட்டம் போச்சு. மாத்திர இனி கொஞ்சம்தான் உண்டு."

அவள் துடைப்பத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். ஃபோனை வாங்கிப் பார்த்தாள். சுசீலா அக்கா எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார்.

அடுத்த புதன் காலையில் ஆறு மணிக்கு முன்பே நாங்கள் மூன்று பேரும் அந்தப் பள்ளத்தில் நின்றோம். ஆறடித்ததும் அக்கா தட்டினார். முதலில் வெறும் வெள்ளை. அந்த அலங்கார எழுத்து இறங்கி முடியாததால் சொற்களும் வரவில்லை. பிறகு மேலே கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. சேர்மனின் தலைமுடி. அடுத்து நெற்றி வந்தது. புருவம் வருகிற நேரத்தில் ஃபோன் தமிழ்நாட்டுக்குத் தாவியது. மறுபடி வெள்ளை, மறுபடி தலைமுடி, மறுபடி நெற்றி. நான்காவது தடவை கண்ணும் மூக்கும் வந்து, கீழே பொத்தானும் வந்தது. அக்கா தொட்டார். இன்றைய டோக்கன் முடிந்தது என்று என்னுடைய அழகான எழுத்தில் பதில் வந்தது.

"பாத்தியா மக்கா, எனக்குத் தெரியலைல்லா" என்றார் அக்கா.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் மூச்சைப் பிடிக்கவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. "மாத்திர எத்தன நாளைக்கு உண்டு?" என்று மட்டும் கேட்டாள். எட்டு நாளைக்கு இருக்கிறது என்றார் அக்கா. அடுத்த புதன்வரைக்கும்தான்.

அலுவலகத்துக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் வீடியோவை எடுத்தாள். அலங்கார எழுத்துகளை எடுத்தாள். கட்டடத்தையும் எடுத்தாள். மதியம் தாண்டுவதற்குள் சேர்மனே நேரில் வந்துவிட்டார். அண்ணன் அவரை உட்காரவைத்து, இவளை நிற்கவைத்து, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சுசீலா அக்கா டீ கொண்டுவந்து கதவோரம் நின்றார்.

"மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன் அண்ணா. நான் தப்புச் செய்யல்ல. சார், இன்னைக்குக் காலைவரைக்கும் இருந்த பக்கத்தில நீங்க ஒரு டோக்கன் எடுத்துப் பாத்ததுண்டா?"

சேர்மனுக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. "எனக்கு எதுக்கு மோளே டோக்கன்? நான் நேர டாக்டருக்க ரூமுக்குப் போவேன்லா" என்றார்.

"அப்ப இந்தப் பக்கம் உங்களுக்குள்ளது இல்ல சார். டோக்கன் எடுக்க வாறவங்களுக்குள்ளதாக்கும்."

சேர்மன் டீயைத் தொடாமல் எழுந்து போனார். அண்ணன் அவளை நாளைமுதல் வர வேண்டாம் என்றார். அவள் பழைய ஃபோனையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். கீழே செருப்புக் கடைக்காரரிடம் பஸ் போய்விட்டதா என்று அதட்டிக் கேட்கிற சத்தம்தான் மேலே வந்தது.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் நான் திரும்பப் போட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறு காரணம் கிடையாது. சேர்மன் மறுபடி உதித்தார். பெரிய திரை எனக்கு அதற்குப் பிறகு பிடிக்காமல் போயிற்று.

அடுத்த புதன் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஆசுபத்திரியில் ஆட்கள் கூடி நிற்கிறார்கள், சைட்டில் ஏதோ கோளாறு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடு என்றார். ஓடினேன்.

டோக்கன் ஜன்னலுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும். கொல்லயிலிலிருந்து பாதி, காஞ்சிரங்குளத்திலிருந்து பாதி. எல்லோர் கையிலும் ஃபோன். முன்னால் சுசீலா அக்கா மகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை பேரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தது அவள்தான், அக்காவின் பக்கத்தில் நின்றாள். பேச்சை அக்காவிடம் விட்டிருந்தாள். ஜன்னலுக்குள் இருந்த ஆள் சலித்துக்கொண்டார்.

"ஆன்லைன்ல எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு எடுக்கத் தெரியும்" என்றார் சுசீலா அக்கா. "ஒங்களுக்க சைட்டுக்குத்தான் வரத் தெரியாது. ஒண்ணுக்கும் கொள்ளாத சாதனத்த வச்சுக்கிட்டு என்னைய கேக்காதிய."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மேனேஜர் இறங்கி வந்தார், டாக்டரிடம் போனார், திரும்பி வந்தார். டாக்டர் இன்னும் பத்துப் பேரைப் பார்க்கச் சம்மதித்துவிட்டாராம். ஆனால் ஜன்னலில் கொடுக்க இப்போது வழி கிடையாது, பத்து மணிக்கு அந்தப் பத்தும் இணையத்தில்தான் திறக்கும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எனக்கும் அவளுக்கும் தெரியும். நல்ல இணைப்பு இருக்கிற வீடுகளில் கட்டிலில் படுத்துக்கொண்டே அந்தப் பத்தையும் அள்ளிவிடுவார்கள். இவர்கள் ஜன்னலுக்கு முன்னால் நின்று சேர்மனுடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வீடியோவை எடுத்தேன், எழுத்துகளை எடுத்தேன், கட்டடத்தை எடுத்தேன். அவள் முதலில் கட்டிய பக்கத்தை அப்படியே ஏற்றினேன். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பத்தடித்ததும் எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் தட்டின. சுசீலா அக்கா ஃபோனை என்னிடம் நீட்டினார். டோக்கன் எண் முப்பத்திரண்டு. சுற்றி நின்றவர்களில் இன்னும் ஏழு பேருக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு அடுத்த புதன்தான்.

அக்கா மகளை எழுப்பிக்கொண்டு உள்ளே போன நேரத்தில் என் ஃபோன் அடித்தது. அண்ணன்.

"எலே, சேர்மன் போன்ல விளிச்சு சாடுதாரு. வீடியோவ மறுபடி எவன்லே எடுத்தது? அவளா?"

"இல்லண்ணா" என்றேன். "நானாக்கும்."

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும், இரண்டடி தள்ளித்தான் நின்றாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. டோக்கன் கிடைக்காத ஒருவருடைய ஃபோனை வாங்கி, பக்கம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.